மீன்பலகை

மூன்று முறை டிராக்டர் வந்து இழுத்தது.
முறைக்கு ஐம்பது வெள்ளி.
மூன்றாம் முறை, முழங்கால் சேற்றில் நின்றபடி
கணக்குப் போட்டேன்:
இந்தக் காசுக்கு
பின்பக்கச் சேக்கிள் ஒரு ஜோடி வந்திருக்கும்.

பதினான்காம் பிளாக் அப்படித்தான்.
தடத்தின் நடுமேடு வண்டியின் வயிற்றைத் தொட்டுவிட்டால்
நாலு சக்கரமும் சும்மா சுற்றும்.
பின்னால் பன்னிரண்டு மூட்டை உரம்,
மூட்டை மேல் மூன்று லொம்போக் பையன்கள்,
இறங்கித் தள்ளுவதா வேண்டாமா என்று
என் முகத்தையே பார்ப்பார்கள்.

வண்டிக்கு வயது இருபத்தொன்பது.
புதுசு வாங்கு என்றான் அண்ணன் குணாளன்.
எதை வைத்து என்று சொல்லவில்லை.

அக்டோபரில் கூட்டுச் சீட்டு எனக்கு விழுந்தது.
ஆயிரத்து இருநூறு.
அதற்குள் முடிய வேண்டும்.

தஞ்சோங் மாலிமில் ஒரு டவுக்கே மகன்
போட்டுச் சலித்துக் கழற்றிய டயர்கள்,
முப்பத்தோரு அங்குலம், பாதிப் பல் மிச்சம்,
இரண்டு ஒரு பிராண்டு, இரண்டு வேறு.
அறுநூறு என்றான்.
ஐந்நூற்றைம்பதை அவன் எதிரிலேயே எண்ணினேன்.
எண்ணி முடித்த காசை
யாரும் லேசில் வேண்டாம் என்பதில்லை.

முன்பக்கத்துக்குச் செலவே இல்லை.
டோர்ஷன் பார் போல்ட்டில் சாக்கட்டிக் கோடு,
ஆறு சுற்று.
ஏழாவதற்குக் கை போனது, நிறுத்திவிட்டேன்.

பாடிக்கு அடியில் வைக்கும் வில்லைகள்
கடையில் செட் எண்ணூறு.
சிலிம் ரிவர் மார்க்கெட்டில் மீன்கார ஆ ஹோக்
நைலான் வெட்டுப்பலகையைக் குப்பையோரம் சாய்த்திருந்தான்.
சரியாக இரண்டு அங்குலக் கனம்.
"பத்து வெள்ளி குடு, தங்காச்சி" என்றான்,
எதற்கென்று கேட்கவில்லை.
ரோஸ்லியின் கடைசல் மெஷினில்
அது பத்து வட்டமாய் வெளியே வந்தது.

மூன்று ஞாயிறு.
துருப்பிடித்த போல்ட்டுகளில் இரண்டு முறிந்தன,
ஒன்றைக் கிரைண்டரில் அறுத்தேன்,
ஒன்று, ஏனென்றே தெரியாமல், விரலோடு கழன்று வந்தது.
ஜாக்கின் மேல் ரப்பர்க் கட்டை.
தூங்குகிற ஆளைத் தூக்குவதுபோல் மெல்ல
பாடி எழுந்தது.
உடம்புக்கும் எலும்புக்கும் நடுவில்
எதிர்த்த வீடு தெரிந்தது:
ஒரு கோழி, காயும் பள்ளிக்கூடக் காலுறை, பாதி சைக்கிள்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசியது.
மட்கார்டை வெட்டி, மடக்கி, சுத்தியால் தட்டினேன்.
இன்னமும் வலப்பக்கம் உரசுகிறது.
நான் போகும் வழியில் வலப்பக்கத் திருப்பம் இரண்டுதான்.

"பொம்பளை வண்டிக்குக் குதிகால் செருப்பா?"
கோயில் முக்கில் சிரித்தார்கள்.
நல்லாத்தான் சொல்கிறார்கள் என்று நானும் சிரித்துவிட்டேன்.
ஜேபிஜே பிடித்தால்? என்றான் குணாளன்.
பதினான்காம் பிளாக்குக்கு ஜேபிஜே வருவதானால்
முதலில் அவர்கள் வண்டியைத் தூக்கட்டும்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு போனேன்.
நடுமேட்டின் புல் வண்டிக்கு அடியில் தலைசாய்ந்து
பின்னால் மறுபடி நிமிர்ந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
பையன்களில் ஒருவன் தகரத்தை இரண்டு முறை தட்டினான், போ, போ.
பனை நிழலில் டிராக்டர்க்காரன் சோற்றுப் பொட்டலத்தோடு.
கையசைத்தேன்.
அவன் மென்றுகொண்டே இருந்தான்.

மூன்றாம் கியரில் ஏறிய மேடு
இப்போது இரண்டாவதைக் கேட்கிறது.
மீட்டர் எண்பது காட்டும்போது
எண்பத்தேழில் ஓடிக்கொண்டிருக்கிறேன்.
முன்விளக்கை இன்னும் இறக்கவில்லை,
இருட்டில் வரும்போது செம்பனைக் குலைகள்
வரிசையாய்ச் சிவந்து விழிக்கின்றன.
மழை பெய்தால் கேபினுக்குள் கெம்போங் மீன் வாடை.

ஸ்பேர் மட்டும் பழைய சின்ன டயர்.
பஞ்சரான அன்றைக்கு
ஒரு மூலை தாழ்ந்து நொண்டிக்கொண்டு வருவேன்.
கூட்டுப் பணத்தில் மிச்சம் மூன்று வெள்ளி நாற்பது காசு
டாஷ்போர்டில் கிடக்கிறது,
உரசுகிற அந்த இரண்டு திருப்பத்திலும்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும்.