எதை மறுபடி மேடை ஏற்றுவது

மஸ்கெலியா. ஞாயிறு, பின்நேரம் மூன்று மணி.
வாசிகசாலையில் ஏழு பேர், ஆறு கதிரை.
மண்டபத்துக்கு ஐம்பது வயதாகிறதாம்,
பழைய இசை நாடகம் ஒன்றைத்
தூசு தட்டிப் போட வேண்டுமாம்.
தீர்மானப் புத்தகம் என் கையில்.
கொழுந்து நிறுத்துப் பழகிய கை,
எதையும் கழித்துத்தான் எழுதும்:
கூடைக்கு இரண்டு கிலோ,
பேச்சுக்குப் பாதி.

திலகேஸ்வரன் மாஸ்டர் முதலில் எழுந்தார்.
"செண்பகத்தீவு ராணி. அறுபத்திரண்டு பாட்டு.
விடியவிடிய ஓடும்."
விடிந்ததும் பிரட்டுக்கு யார் போவது
என்று கேட்டாள் சந்தனமேரி.
எனக்கு ராணி மேல் கோபமில்லை.
நஞ்சு குடித்தபின் நாலு ராகம் பாடிவிட்டுத்தான் விழுவாள்,
அதுவும் சரிதான், குரல் இருந்தால்.
கவ்வாத்துக்குக் காத்திருக்கும் தேயிலை அவள்.
மந்திரியை வேரோடு பிடுங்கி
பதினேழு பாட்டோடு நிறுத்தினால்
மூன்று மாதத்தில் துளிர்ப்பாள்.
மாஸ்டர் ஒரு பல்லவியைக் கூடத் தரமாட்டார்.

லோகிதன் ஓட்டோவை மழைக்கு ஒதுக்கிவிட்டு வந்து
"துரை வீட்டுப் பூனை" என்றான்.
பூனைக்குச் சளி, தோட்டமே தாலாட்டுப் பாடும்.
பூனைக்குக் கொழும்பிலிருந்து டாக்டர் வருவார்,
பிள்ளை பெறப் போகிறவளுக்குக்
கொழுந்து லொறி வரும்.
அந்த இடத்தில் சனம் சிரித்துச் சிரித்து
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்ததாம்.
"அருமையான நாடகம்," என்றேன்,
"ஆனால் மறுபடி போட
அது எங்கே நின்றிருக்கிறது?
போன கிழமையும் லொறிதானே."
யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

என் முறை வந்தது.
அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்தேன்.
"மூன்றாம் நம்பர் மலை."
அது தோற்றுப்போன நாடகமல்லவா என்றார்கள்.
தோற்கவில்லை, நனைந்தது.
பழைய டவுன் மைதானத்தில் ஒரே ஒரு ராத்திரி.
இரண்டாம் அங்கத்தில் மழை;
மத்தளத் தோல் தொய்ந்தது, பெட்ரோமக்ஸ் வெடித்தது,
கதாநாயகி வேஷத்தில் சடையப்பன்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினான்.
பிறகு அணை கட்டினார்கள்,
மைதானத்தின் மேல் தண்ணீர் ஏறியது.
பிறகு ஒப்பந்தம்,
பின்பாட்டுக்காரர்கள் கப்பல் ஏறினார்கள்.

மூன்றாம் அங்கம் இதோ இருக்கிறது.
ஒரு கரையான் கூடத் தொடவில்லை.
ஒரு காதும் கேட்கவில்லை.

செத்ததை எழுப்புவது ஒரு வேலை.
இது சாகவில்லை,
மழை விடட்டுமென்று ஒதுங்கி நிற்கிறது.

வாசித்துக் காட்டினேன்.
தராசடி. "கொழுந்து ஈரம், நிறை பற்றாது,
இன்றைக்குப் பேர் இல்லை"
என்கிறான் கணக்கப்பிள்ளை.
பேர் இல்லையா?
அவள் தன் பேரைப் பாடுகிறாள்.
ஒச்சாயி.
வேறு சாகித்தியம் கிடையாது.
ஒச்சாயி, ஒச்சாயி என்று
ஐந்து ராகம் மாறி வருகிறாள்.
வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருத்தராய்
தங்கள் பேரை அதில் போடுகிறார்கள்.
தராசு முள் நிற்க மாட்டாமல் ஆடுகிறது.
திரை.

சந்தனமேரி எழும்பவில்லை, இருந்தபடியே
தன் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.
மெதுவாகத்தான். தகரத்தில் மழை வேறு.

நாலுக்கு மூன்று.
மாஸ்டர் எதிர்த்து வாக்களித்துவிட்டு
ஹார்மோனியத்தில் சுருதி எது என்று கேட்டார்.

கணக்கப்பிள்ளை வேஷம் யாருக்கு?
ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
வெள்ளிக்கிழமை அவளுக்கு
அரைப்பேர் போட்டவன் நான்.
பேனை கொஞ்சநேரம் எழுதவில்லை.

தீர்மானம், கழிக்காமல்:
வைகாசிப் பூரணை, மூன்று அங்கமும்.
மழை வந்தால் நிறுத்துவதில்லை.
படங்கு விலை விசாரிப்பது லோகிதன் பொறுப்பு.
இன்னொரு கதிரை வாங்க வேண்டும்.