இரண்டு கிலோ எண்ணூற்றுப் பத்து

நாற்பது டன் பெட்டியை
மழையில், காற்றில், ஒரு தீபாவளி இரவில்
கப்பலின் வயிற்றிலிருந்து எடுத்து
லாரியின் முதுகில் வைத்திருக்கிறேன்.
விரற்கடை பிசகியதில்லை.
இந்த இரண்டு கிலோ எண்ணூற்றுப் பத்தைத்
தொட்டிலிலிருந்து எடுக்க
பத்தாம் நாளும் கை நடுங்குகிறது.

மணி மூன்று பத்து.
வெஸ்ட் கோஸ்ட், பதினான்காம் மாடி,
சமையலறை ஜன்னல்.
நெடுஞ்சாலைக்கு அப்பால்
விளக்கேற்றி நிற்கின்றன கிரேன்கள்.
ஐந்தாவதில், என் இருக்கையில், யாரோ.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருப்பான்.
எனக்கு முன்னால் இருந்தவன் ஒட்டிப்போன
முருகன் படத்தின் மேல்
கோப்பிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டிருப்பான்.

அந்தக் கூண்டுக்குத் தரை கண்ணாடி.
முழங்கால்களுக்கு நடுவே குனிந்தால்
நாற்பது மீட்டர் வெறுமை,
அதன் அடியில் கடல்.
ஏழு வருடம் பயந்ததில்லை.
பிரசவ அறையில் அதே குனிவில் பார்த்தேன்:
கண்ணாடியும் இல்லை.

முகத்தைப் பார்த்ததும் பொங்கும் என்றார்கள்.
தாதி நெஞ்சில் கிடத்தினாள்.
சூடாக, ஈரமாக, யாரோ.
யாரோ என்றுதான் தோன்றியது.
குணசீலன் அழுதான்.
நான், விருந்துக்குத் தாமதமாய் வந்தவள்போல்
எல்லார் முகத்தையும் பார்த்து
அளவாகச் சிரித்தேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை,
பத்தியச் சோறு கொண்டுவரும் மாமியிடமும்
எதிர்வீட்டு ரோஸ்னாவிடமும்.

கிரேனில் ஒரு விதி உண்டு.
நான்கு மூலையிலும் பூட்டு விழவேண்டும்.
பச்சை விளக்கு எரியும்வரை
தூக்கக் கூடாது.
ஒன்பது இரவாய் அந்த விளக்குக்குக் காத்திருந்தேன்,
அம்மா என்ற சொல்லை
வேறொருத்தியின் சீருடைபோல்
தோள் தொங்க மாட்டிக்கொண்டு.

இன்று அவள் அழவில்லை.
அதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.
நடந்துகொண்டிருந்தேன்.
ஏன் என்று கேட்கிறவள் படுக்கையிலேயே கிடந்தாள்,
எழுந்தவள் வேறு.
தொட்டிலை எட்டிய பிறகுதான்
முதல் முனகல் வந்தது.

வாய் திறந்து, தேடி, தவறி,
மறுபடி தேடிப் பிடித்தாள்.
வலி உள்ளங்கால்வரை இறங்கியது.
எங்கோ ஒரு பூட்டு விழுந்தது.
விளக்கு எதுவும் எரியவில்லை.
ஆனால் தெரிந்துவிட்டது,
இத்தனை நாள் தப்பான இடத்தில் உட்கார்ந்து
காத்திருக்கிறேன் என்று.
கூண்டில் இருப்பது நான் இல்லை.
நான் பெட்டி.

எங்கே இறக்கப் போகிறாளோ.
நாற்பது டன்னும்
தரையை விட்டு ஒரு சாண் எழும்பி
லேசாக ஆடுகிறது.

பாரம் காற்றில் ஆடும்போதெல்லாம்
ஃபோர்மன் ஹம்டான் ரேடியோவில் சொல்வார்:
பெலான், பெலான்.
மெதுவா, அவசரமில்லை.
அதைத்தான் சொன்னேன்,
உச்சந்தலையில் துடிக்கும் அந்த மென்குழியில்
உதட்டை வைத்து.
தாலாட்டு எனக்குத் தெரியாது.
பிரார்த்தனையும் சரியாக வராது.
பெலான் கண்ணு, பெலான்.
யாருக்குச் சொன்னேன் என்று
இன்னும் விளங்கவில்லை.

பெயர் வைக்கப் பதினாறாம் நாள்வரை நேரமிருக்கிறது.
இன்னொரு மார்பு தன்பாட்டுக்குத்
தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
விடிந்து துடைத்துக்கொள்ளலாம்.