ஐந்து ஆம்பியர்

போன ஆகஸ்டில் செத்துப்போன பவர் சப்ளையை
இன்னும் தூக்கி எறியவில்லை.
எழுநூறு வாட் என்று அதன் நெற்றியில் எழுதியிருந்தது.
தூக்கினால் காலி பிஸ்கட் டப்பாவின் கனம்.
வாங்கிய அன்றே கை சொல்லிற்று,
நான் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தனியாகப் போகவில்லை அது,
மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது.
ஒரு வாரம் கழித்துத் திருகுகளைக் கழற்றினேன்.
உள்ளே வரிசையில் நின்ற கெபாசிட்டர்களில் மூன்று
தலை புடைத்து, பழுப்பாய்க் கசிந்து.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள்.
இது விரலே இல்லாத வீக்கம்.

இந்த முறை துண்டுச்சீட்டோடு போனேன்.
பூர்ஜ் ஹம்மூதில், நகைக்கடைக்கும் மசாலாக்கடைக்கும் இடையே
உடம்பை ஒருக்களித்து நுழைந்தால் நெர்செஸின் கடை.
கிராபிக்ஸ் கார்டுக்கு இருநூற்றிருபது,
புராசஸருக்கு நூற்றிருபது,
விசிறி, டிஸ்க், மினுக்கும் கீபோர்டு எனச் சில்லறை ஐம்பது.
நானூறு தாண்டாது.

நெர்செஸ் சீட்டைப் பார்க்கவே இல்லை.
ஆயிரம் வாட் பெட்டியை மேசையில் வைத்தான்,
ஏழு நிறத்தில் சுழலும் விசிறியோடு.
"ஷோகிக், நாளைக்குப் பெரிய கார்டு வாங்குவாய்,
அன்றைக்கு என்னை நினைப்பாய்."
நாளை என்ற சொல்லை
இந்த ஊரில் டாலரில்தான் விற்கிறார்கள்.

கூட வந்த தலாருக்கு வேறு பயம்.
வாடகையை என்னோடு பங்கு போடுகிறவள்.
ஜெனரேட்டர்காரன் ஜிராயிர் எங்களுக்கு அளந்து விடுவது
ஐந்து ஆம்பியர்,
பெருக்கிப் பார்த்தால் ஆயிரத்து நூறு வாட்.
"இது ஆயிரத்தையும் குடித்துவிட்டால்
பிரிட்ஜுக்கும் எனக்கும் சேர்த்து நூறா?"

இல்லை தலார்.
பெட்டியில் போட்டிருப்பது வயிற்றின் அளவு,
பசியின் அளவு அல்ல.
கார்டு கேட்பதைத்தான் சுவரிலிருந்து வாங்கும்.
வழியில் கொஞ்சம் சிந்தும்.
தங்கச் சான்று உள்ளது என்றால்
நூறு வாங்கித் தொண்ணூறு கொடுக்கும்,
மீதிப் பத்து என் கால்மாட்டில் சூடாகக் கிடக்கும்.
"தங்கமா" என்றாள்,
பக்கத்துக் கடை வளையல்களைப் பார்த்தபடி.

அதற்காக நானூறுக்கு நானூறும் வாங்க முடியாது.
சாதுவாக உட்கார்ந்திருக்கும் கார்டு
ஏதோ ஒரு வெடிப்பில், இமைக்குள் அடங்காத நேரத்தில்
இரண்டு மடங்காக எம்பும்.
அந்த யானைப் பசிக்குச் சோளப்பொரி நீட்டினால்
திரை கறுத்துவிடும்.

கடைசியில் நான் கேட்டது வாட்டே இல்லை.
"இது எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கும்?"
நெர்செஸ் அப்போதுதான் நிமிர்ந்தான்.
மின்சாரம் போன பிறகு
என் யுபிஎஸ் கண் விழிக்கப் பத்து மில்லிவினாடி.
அந்தப் பத்தை
தான் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டே
இது கடந்தாக வேண்டும்.
அலைபேசியில் எதையோ தேடினான்,
உள்ளறைக்குப் போனான்,
தூசி தட்டிக்கொண்டே வந்தான்.
அறுநூற்றைம்பது.
விளக்கு கிடையாது, நிறம் கிடையாது.
பதினேழு மில்லிவினாடி.
இரண்டு கையால் வாங்க வேண்டியிருந்தது.

விலையைக் கேட்ட தலார்
ஒரு மாதம் என்னோடு பேச்சில்லை என்றாள்.
பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டவளும் அவள்தான்.

நேற்று இரவு, பதினொன்று இருபது.
மார்செயிலிருந்து ரஸ்மிக், யெரெவானிலிருந்து லுசினே, நான்.
ஒரு பாலம். மறுமுனையில் நான்கு பேர்.
தெரு அணைந்தது.
யுபிஎஸ் ஒரு தரம் கீச்சிட்டது.
பிரிட்ஜ் உடம்பை உதறி நின்றது.
சமையலறையில் தலார் நாற்காலியில் இடித்துக்கொண்டு
ஜிராயிரையும் அவன் டீசலையும் ஒரே மூச்சில் திட்டினாள்.
என் ஆள் மட்டும் பாலத்தில்
ஓடிக்கொண்டே இருந்தான்.

"இடப்பக்கம், இடப்பக்கம்" என்றான் ரஸ்மிக்.
எங்கே போனாய் என்று
யாரும் கேட்கவில்லை.