இருட்டு இரண்டு வகை

ராணிப்பேட்டை தாண்டி, பாலாற்றுப் பாலத்தில்
லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்ட மத்தியானம்.
கீழே ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.
மேலே பெட்டிக்குள் ஐஸெல்லாம் தண்ணீர்.
வேலூர் வந்து சேர்ந்தபோது
பதினேழு குழாய்களும் மிதந்தன.
ஒன்றில் மை கரைந்து பாதிப் பெயர்:
முனிரத்… வாலாஜா நகராட்சி, நாய் பிடிப்பவர்.

எங்கள் வேலையைச் சொல்வது சுலபம்.
சீரத்தைச் சூடாக்கி, படிப்படியாக நீர்த்து,
வெறிநோய்க் கிருமியோடு ஒன்றரை மணி நேரம் மோதவிட்டு,
உயிரணுக்கள் மேல் ஊற்றி
மறுநாள் நுண்ணோக்கியில் எண்ணுவது.
கிருமி ஜெயித்த இடம் பச்சையாக எரியும்.
எதிர்ப்பொருள் ஜெயித்தால் இருட்டு.
இருட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட
சம்பளம் தருகிற அறை இது.

முனிரத்தினத்தின் கட்டம் முழு இருட்டு.
இருபது பார்வையிலும் ஒரு புள்ளி இல்லை.
கையெழுத்துப் போட ஷகீரா பேனாவைத் திறந்துவிட்டாள்.
எனக்குத்தான் நெருடியது.
கடைசி ஊசி போட்டு ஆறு வருஷம் என்கிறது படிவம்.
அப்புறம் எப்படி இத்தனை வீரம்?

சாதாரண வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.
கிருமி தோற்கவில்லை.
அது குடியேற வீடே இல்லை.
வெயிலில் கெட்ட சீரம்
உயிரணுக்களைக் கொன்று
உமி போல மிதக்கவிட்டிருந்தது.
ஆளே இல்லாத தெருவில்
திருட்டு இல்லை என்று எழுத இருந்தோம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரே வந்தார்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பல் தழும்புகள்.
புது ரத்தம் சொன்னது: பூஜ்யம் புள்ளி மூன்று.
வேண்டியது ஐந்து.
"அப்ப என் ரத்தம் பொய் சொல்லிச்சாம்மா?"
நான் ஊசிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.
தலை நிமிரவில்லை.

பிறகு ஏழு மாதம்.
கிருமி சேர்க்காமல் சீரம் மட்டும் ஊற்றிய கட்டம் ஒன்று.
ஒட்டி நிற்கும் அணுக்களைச் சிவப்பாக்க இன்னொரு சாயம்.
முதலில் அது பச்சையையும் சேர்த்து விழுங்கியது.
குறைத்தோம். வெளிறியது. கூட்டினோம்.
அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய்
ஒரு வாரத் தட்டுகள் குப்பைக்குப் போயின.
அளவு பிடிபட்ட அன்று
ஷகீரா ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்தாள்,
ஆய்வகத்துக்கு வெளியே நின்று தின்றோம்.

சிவப்பு தெரியாத இருட்டை
இப்போது நாங்கள் நம்புவதில்லை.

நேற்று குடியாத்தத்திலிருந்து நாற்பது குழாய்.
இரண்டில் சிவப்பு இல்லை.
திரும்ப அனுப்பச் சொல்லிவிட்டோம்.
ஷகீரா இன்னும் போனில்தான் இருக்கிறாள்:
"பதில் வேணாம் சார்,
ஐஸ் எத்தனை கிலோ வெச்சீங்க, அதைச் சொல்லுங்க."