கண்ணருகே அல்ல

பெட்டியின் முகப்பில் ஒரு கண்.
இமை முழுக்க ஆறு நிறம், அணைந்தாலும் எரிகிற மாதிரி.
திருப்பினால், முதுகில்
எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
கண்ணருகே பூசுவதற்கல்ல.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறேன்.
பொடியெழுத்தை விடமாட்டேன்.
"பின்னே எங்கே பூசுவதாம், முழங்காலிலா?"
என்றான் டெல்மர்.
பகலெல்லாம் டொலீடோ நகரப் பேருந்து ஓட்டுகிறவன்,
சனி இரவுகளில் மிஸ் மக்னோலியா.

பெயரைப் பார், என்றேன்.
அழுத்திய நிறமி.
கண்நிழல் என்று எந்த மூலையிலும் இல்லை.
சொன்னால் சட்டம் கதவைத் தட்டும்.
இந்த ரோஜா நிறம் இந்த நாட்டில்
உதட்டுக்குப் போகலாம், கன்னத்துக்குப் போகலாம்,
இமைக்கு மட்டும் அனுமதிச் சீட்டு இல்லை.
நஞ்சு என்று யாரும் சொல்லவில்லை.
சரி என்றும் யாரும் சொல்லவில்லை.
அந்த இடைவெளியில்தான்
படம் போட்டு விற்கிறார்கள்.

போன அக்டோபரில் அவன் கேட்கவில்லை.
அடிப்பூச்சு இல்லை, பொறுமை இல்லை,
தண்ணீர் தொட்டு அப்பிக்கொண்டான்.
ஞாயிறு முழுக்கக் கழுவினான்.
திங்கள் காலை ஐந்து நாற்பது வண்டியில்
இரண்டு இமையும் இளஞ்சிவப்பு.

இரவுப் பணி முடித்து ஏறிய செவிலி,
வாண்டா ஸ்க்ரோபெக்,
சில்லறை போடாமல் நின்றாளாம்.
"அழுதீர்களா?"
ஆமாம், என்றான். நாய் செத்துப்போச்சு.
அவனிடம் நாயே கிடையாது.
செவ்வாயன்று அவள் ஜாம் வைத்த போன்ச்கி கொண்டுவந்தாள்,
காகிதப் பையில், இன்னும் சூடாக.
புதனன்று நாயின் பெயர் கேட்டாள்.

இந்தச் சனிக்கிழமை பெட்டி என் மடியில்.
அவன் முழங்கை மடிப்பில் இரண்டு நாளாக ஒரு பொட்டு:
தடிக்கவில்லை, அரிக்கவில்லை.
அது முழங்கையின் சம்மதம், இமையின் சம்மதமல்ல.
உட்பொருள்களைச் சத்தமாக வாசிக்கிறேன்.
சிவப்பு ஆறு. சிவப்பு ஏழு. ஆரஞ்சு ஐந்து.
"தடம் எண் மாதிரி இருக்கே.
ஆரஞ்சு ஐந்து எதுவரை போகும்?"
கன்னத்தில் இறங்கிவிடும்.
"இமை வரை?"
இரும்புத் துரு போகும். அல்ட்ராமரீன் நீலம் போகும்.
ஏறு.

நியான் எல்லாம் நெற்றிப்பொட்டிலும் கன்ன எலும்பிலும்,
அடிப்பூச்சின் மேலே, விரலால் ஒற்றி.
கண்ணுக்கு நீலம்.
இமையோரத்து ஈரக்கோட்டை
எதுவும் தொடக்கூடாது, நீலம்கூட.
மேடை வெளிச்சத்தில்
எது எங்கே என்று யார் அளந்தார்கள்?
கடைசி வரிசை எழுந்து நின்றது.

இரவு இரண்டு மணி.
கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன் என்பார்கள்.
நான் பஞ்சில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
மூடிய இமைமேல் வைத்து, தேய்க்காமல், முப்பது எண்ணி எடுத்தேன்.
நீலம் பஞ்சோடு வந்துவிட்டது.

திங்கள் காலை வாண்டா ஏறினாள்.
அவன் கண்ணைப் பார்த்தாள்.
"தேறிவிட்டீர்கள்," என்றாளாம்.

தேறித்தான் விட்டான்.
ஆனாலும் கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பும்போது
அந்த இல்லாத நாய்க்காக
கொஞ்சம் கஷ்டமாக இருந்தது என்கிறான்.