சிவப்பு முதலில்

கார்மார்தனில் மலையேறிகளுக்கான கடை.
மூட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.
மாக்சென் என்ற பையன் ஒவ்வொரு விளக்காய் எடுத்து
நெற்றியில் மாட்டிப் பார்க்கச் சொன்னான்.
'இது ஆயிரத்து இருநூறு லூமன்.
எதிர்மலை ஆட்டின் காதில் தொங்கும் எண்ணையே வாசித்துவிடலாம்.'

ஆடு வாசிக்க நான் போகவில்லை, தம்பி.
போவது டெய்ஃபி ஆற்றுக்கு, செவின் பிடிக்க.
கடலில் கொழுத்து ஆறேறி வரும் மீன்.
பகலெல்லாம் ஆல்டர் வேரடியில் கல்லோடு கல்லாய்க் கிடந்து
ஊரடங்கிய பிறகே ஆழம் விட்டு அசையும்.
எதிர்க்கரைப் புல்லின் பச்சை முழுக்கக் கருகும்வரை
முதல் வீச்சு வீசக்கூடாது.
தண்ணீரில் ஒரு பொட்டு வெள்ளை விழுந்தால் போதும்,
அந்த மடுவுக்கு அன்றைக்கு விடிந்துவிட்டது.

எனக்கு வேண்டியது மங்கல்.
என் கட்டைவிரல், முள்ளின் காது, நரம்பின் நுனி,
மூன்றும் தெரிந்தால் போதும்.
நாலாவதாய் ஒன்று தெரிந்தால்
அந்த விளக்கு எனக்கு வேண்டாம்.

'எல்லாவற்றிலும் சிவப்பு உண்டு' என்றான்.
உண்டு. எத்தனையாவது அழுத்தலில்?

போன வருடம் வைத்திருந்தது நாலாவதில்.
வெள்ளை, பெருவெள்ளை, விட்டுவிட்டு மினுக்கும் வெள்ளை,
அதற்கப்புறம்தான் சிவப்பு.
முடிச்சு அவிழ்ந்த ஒரு ஜூலை இரவில்
ஈர விரலால் தடவி அழுத்தினேன்.
மடு முழுக்க மின்னல் வெட்டியது.
கீழ்த்துறையில் நின்ற தெக்வின்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நரம்பைச் சுற்றினார், கைவலையை மடித்தார்.
அவர் பூட்ஸ் சத்தம் வேலிக்கதவு வரை கேட்டது,
அப்புறம் கதவின் சத்தம்.
பருவம் முடியும்வரை எனக்கு அவர் முதுகுதான்.

பத்தொன்பது வருடம் இரவுப் பணி எனக்கு.
ஆறாம் வார்டில் டார்ச்சை உள்ளங்கையால் பொத்தி
விரலிடுக்கில் கசியும் சிவப்பில்தான்
பாட்டில் மருந்தின் சொட்டு எண்ணுவேன்.
ஒருவர்கூடப் புரண்டு படுத்ததில்லை.
அப்படிப்பட்டவள் ஓர் ஆற்றை எழுப்பிவிட்டேன்.

என் பெயர் ஹெய்ல்வென்.
எங்கள் மொழியில் வெயில் என்று அர்த்தம்.
தெக்வின் அதைச் சொல்லிக் காட்டாதது அவர் பெருந்தன்மை.

உடை மாற்றும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு
ஐந்து விளக்குகளை அழுத்திப் பார்த்தேன்.
ஒன்றின் பட்டை முடியைப் பிடுங்கியது.
ஒன்று அணைத்த பின்னும்
முதுகில் ஒரு பச்சைக் கண்ணை மூட மறுத்தது.
மழை தாங்குமா என்று திரைக்குள்ளிருந்து கேட்டேன்.
'ஒரு மீட்டர் ஆழம்வரை!'
என் இடுப்பளவு. அதற்குமேல் போனால்
விளக்கைப் பற்றி நான் கவலைப்படப் போவதில்லை.

கடைசியில், குழந்தைகளின் அடுக்கில்,
தவளை முகம் போட்ட ஒன்று.
சிவப்பு மட்டும்தான். வேறெதுவும் தெரியாது அதற்கு.
மாக்சென் பாதி விலை போட்டான், பரிதாபத்தில்.

நேற்று பதினொன்றரை மணிக்கு
கீழ்த்துறையில் ஒரு செருமல்.
பதினொரு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு:
'வெள்ளை இருக்கா?'

கார் சாவி. புல்லில் எங்கோ.
பச்சைத் தோலில் கோத்தது.
அவர் விளக்கும் சிவப்புதான்,
போன் காருக்குள், பூட்டி.
சிவப்பு வெளிச்சத்தில் தோலும் கறுப்பு,
புல்லும் கறுப்பு, சேறும் கறுப்பு.
'இல்லை' என்றேன். 'விற்றுவிட்டேன்.
உங்களுக்காகத்தான்.'
நெற்றியில் தவளை இளித்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் மண்டியிட்டு
ஈரப் புல்லை விரலால் வகிர்ந்து வகிர்ந்து பார்த்தோம்,
பேன் பார்ப்பதுபோல.
முதுகுக்குப் பின்னால்
இந்த வருடத்தில் முதல் தடவையாக
மடு நிறைய மீன் துள்ளிக்கொண்டிருந்தது.
தெக்வின் தலை நிமிராமலே
ஒவ்வொரு துள்ளலுக்கும் எடை சொன்னார்.
மூன்று பவுண்டு.
நாலு.
ஐயோ, இது ஏழு.