ஆளரவம்

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.
அதில் ஒருவன் தன்னந்தனியே
வெள்ளைச் சரிவில் ஏறுகிறான்,
நிற்கிறான், மூச்சு விடுகிறான்,
பிறகு சறுக்குப் பலகையில்
ஒரே வளைகோடாய் இறங்கிப் போகிறான்.
"நரின் ஆற்றுக்கு மேலே
ஆளரவமற்ற மலை ஒன்று" என்று
தொடங்குகிறது பின்னணிக் குரல்.

அரவத்தைப் பதியப் போனவள் நான்.
எனக்குத் தெரியாதா.

சட்டகத்துக்கு வெளியே பதினொரு பேர்.
நான்கு குதிரைகள்.
ஒரு தேநீர் அடுப்பு, அது உஸ்ஸென்று சீறும்போதெல்லாம்
நான் கை தூக்குவேன், சாய்ரா அணைப்பாள்.
அந்த வாரம் முழுக்க
எல்லோரும் ஆறிய தேநீர்தான் குடித்தோம்,
என்னைப் பார்த்தபடி.

யெர்னெய் அந்தச் சரிவில் ஏழு முறை ஏறினான்.
முதல் முறை மேகம்.
அடுத்த முறை லென்ஸுக்குள் ஈரம்.
மூன்றாவது நன்றாகத்தான் வந்தது,
ட்ரோனின் பேட்டரி குளிரில் செத்துவிட்டது.
"எதையாவது தொலைத்துவிட்டானா?" என்று கேட்டார்
குதிரைக்காரர் எசென்பெக்.
கிண்டலில்லை.
சொன்னால் கூடச் சேர்ந்து தேடலாமே என்றுதான்.

காலடி படாத பனி வேண்டும் என்றாள் மாரென்,
படம் அவளுடையது.
ஆகவே மலையின் முதுகுப் பக்கமாக
மூன்று மணி நேரம் சுற்றிப் போனோம்,
முக்காலி, கயிறு, ரொட்டி மூட்டை சுமந்து,
யாரும் போகாத இடத்துக்கு
முன்னதாகவே போய்ச் சேர்ந்து
அவன் முதலாவதாக வருவதைப் படம்பிடிக்க.
அங்கே, விடியலின் பொன்வெளிச்சத்தில்,
சட்டகத்தின் நட்டநடுவே
போஸ் என்கிற சாம்பல் குதிரை
ஆவி பறக்க லத்தி போட்டது.
எசென்பெக் கையுறையோடு அள்ளிக்கொண்டு ஓடினார்,
வழுக்கினார்,
இருபது அடி உட்கார்ந்தே போனார்.
அதைவிட நல்ல சறுக்கலை
அந்த வாரம் நான் பார்க்கவில்லை.
கேமரா அணைந்திருந்தது.

ஏழாவது முறை உச்சியில் அவன் நின்றபோது
அவன் சட்டைக்குள் என் மைக் இருந்தது.
இருநூறு மீட்டர் தள்ளி
என் காதுக்குள் அவன் முழங்கால்கள் நடுங்கின.
காலணிக் கொக்கிகள்
கடுங்குளிரில் பற்களைப் போலக் கிடுகிடுத்தன.
ஏதோ ஒரு பெயரைச் சொன்னான், இரண்டு தடவை.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
பிறகு காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டது.

அதெல்லாம் பின்னர் பியானோ ஆயிற்று.

கிராட்ஸ் நகர அரங்கில்
முந்நூறு பேர் ஒன்றாய்ப் பெருமூச்சு விட்டார்கள்.
எழுத்தோட்டத்தில் என் பெயர் பதினான்காவது;
அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பனி உருகிய பிறகு
எசென்பெக்கின் ஊர்ப் பள்ளிச் சுவரில்
படுக்கை விரிப்பு கட்டிப் போட்டுக் காட்டினேன்.
யெர்னெயை ஒருவரும் பார்க்கவில்லை.
ஓரங்களையே பார்த்தார்கள்.
இரண்டு நிமிடம் பதின்மூன்றாம் நொடி,
இடது கீழ் மூலை,
அரை நொடிக்கும் குறைவாக ஒரு சாம்பல் காது.
மாரெனுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது.
"போஸ்!" என்று எழுந்தது கூடம்.
திரும்பப் போடு, திரும்பப் போடு என்று
பத்தொன்பது முறை ஓட்டினேன்.

"காது திரும்பியிருக்கிறதே," என்றாள் சாய்ரா,
"எதைக் கேட்கிறது அது?"

வட்டுத் தகட்டில் இருந்தது, அழிக்காமல்.
பியானோவை எடுத்துவிட்டுப் போட்டேன்.
காற்று.
கொக்கிகள்.
யாரோ அடக்கிக்கொண்ட தும்மல்.
அப்புறம், வெகு தூரத்தில்,
சாய்ராவின் தகர வாளியில்
ஓட்ஸ் சரிகிற ஓசை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
எசென்பெக் விரிப்பின் அருகே போய்
அந்த மூலையை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தார்,
துணி அசைந்தது, மலையும் கொஞ்சம்.

"கீழே போனவன் என்ன ஆனான்?" என்றது
முன்வரிசைக் குழந்தை ஒன்று.

திரும்ப ஏறி வந்தான்,
தேநீருக்கு.
ஆறிப்போயிருந்தது.